அடைப்புக்குறி போடுவதை நிறுத்திய பிறகு

ஏழாம் வகுப்பு அறிவியலில் ஓர் அலகை முடித்து மதிப்பீட்டுப் பக்கத்தைத் திருப்பச் சொன்னவுடன் பிள்ளைகள் அனைவரும் பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். முதல் வினாவுக்கான விடை எந்தப் பக்கத்தில், எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்று நான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் வினா எண்ணை எழுதிக்கொள்வார்கள். "மிஸ், எதுல இருந்து எது வரைக்கும்?" என்ற கேள்வி எங்கள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒலிக்கும். பல ஆண்டுகள் நானும் தயங்காமல் பதில் சொல்லி வந்தேன். பருவத்துக்குள் பாடத்தை முடிக்க வேண்டும், பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டின் 60 மதிப்பெண்ணுக்குப் பிள்ளைகள் ஏதாவது எழுத வேண்டும் என்ற கவலைதான் காரணம். ஆனால் விடையைத் தேடும் வேலையை நான் செய்து, மனப்பாடம் செய்யும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுத்திருந்தேன் என்பது, பத்தாம் வகுப்பிலும் ஒரு பத்தியைத் தானாகப் படித்துப் பொருள் சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு மாணவியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏழாம் வகுப்பில் அவளுக்கு அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

அடுத்த ஜூன் மாதத்தில் அதை அடியோடு நிறுத்தினேன். "இனிமேல் நீங்களே படித்து விடை எழுதி வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வந்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே கைடிலிருந்து எடுத்த ஒரே விடை, ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியரின் அருகில் உட்கார்ந்து படித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று மாறி வந்தவர்கள் அவர்கள். தனியாக ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்கு யாரும் செய்து காட்டியதே இல்லை. நானும் காட்டாமல்தான் கைவிட்டிருந்தேன்.

ஆகவே படிப்பதையே வகுப்பில் கற்பிக்கத் தொடங்கினேன். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் அதற்கு மட்டும். முதலில் நானே ஒரு பத்தியை உரக்கப் படித்து, எங்கே நிற்கிறேன், எந்தச் சொல் புரியாமல் முந்தைய வரிக்குத் திரும்புகிறேன் என்பதையெல்லாம் அவர்கள் காதில் விழும்படி சொல்வேன். பிறகு அவர்கள் அடுத்த பத்தியை இருமுறை படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன இடத்திலும் புரியாத இடத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட வேண்டும். மறுநாள் வகுப்பு அந்தக் கேள்விக்குறிகளில் இருந்துதான் தொடங்கும்.

புத்தகத்தை மூடுவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 விழுக்காடும் நினைவில் நின்றன. அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் நம் பிள்ளைகள் "படிச்சிட்டேன் மிஸ்" என்ற சொல்லில் நம்பிவிடுகிறார்கள். இரவு மூன்று முறை வாசித்தபோது எல்லாம் தெரிந்ததாகத் தோன்றியது, தேர்வறையில் ஏன் வரவில்லை என்று அவர்கள் கலங்கும்போது, அது அவர்களுடைய மூளையின் குறை அல்ல, படித்த முறையின் குறை என்று என்னால் இப்போது சொல்ல முடிகிறது.

அந்த ஆண்டு முதல் பருவத்தில் மதிப்பெண்கள் குறைந்தன. தலைமையாசிரியரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகளுக்கு இந்த முறை உதவவில்லை என்பதையும் பார்த்தேன். அவர்களைத் தனியாகப் படி என்று விடுவது கொடுமை. காலை வழிபாட்டுக்கு முன் அவர்களோடு உட்கார்ந்து வாசிப்பைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் இருபது நிமிடத்துக்கு மேல் நான் கேட்பதில்லை. ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், தம்பியைப் பார்த்துக்கொண்டு, தொலைக்காட்சி ஓசைக்கு நடுவில் கிடைக்கும் இருபது நிமிடம் எனக்குப் பெரிய நேரமாகவே படுகிறது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன், அவன் படிக்கிறது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சரியா தவறா என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. புத்தகத்தை மூடச் சொல்லி, இன்று படித்ததைத் தமக்குப் புரியும்படி சொல்லச் சொல்லிக் கேட்டால் போதும் என்றேன். அடுத்த வாரம் அவரே வாசலில் என்னை நிறுத்தினார். 'விசையும் இயக்கமும்' பாடத்தில் வரும் தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை மகன் சொல்லியிருக்கிறான். கடந்த பாதையின் மொத்த நீளம் தொலைவு; தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு உள்ள நேர்கோட்டு இடைவெளி இடப்பெயர்ச்சி. பால் சொசைட்டிக்கு நடந்து போய் வீட்டுக்கே திரும்பி வந்த அம்மாவின் இடப்பெயர்ச்சி சுழியம் என்று அவன் சொன்னதும், "ரெண்டு கிலோமீட்டர் நடந்திருக்கேன், ஒண்ணுமே இல்லைன்னு எப்படிடா சொல்லுவ?" என்று இவர் விடாமல் கேட்டிருக்கிறார். அவனால் உடனே விளக்க முடியவில்லை. யாரும் சொல்லாமல் அவனே எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பத்தியை மறுபடி படித்துவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பத்தியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, பிறகு அதை அழித்திருந்த தடம் இருந்தது.