கபிலா, இம்ரானா: கழித்தல் கணக்கு போதாது

பந்திங் பக்கம் மாமாக் கடையில் கிரிக்கெட் பேச்சு எழுந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் அது இந்தியாவின் கபில் தேவா, பாகிஸ்தானின் இம்ரான் கானா, யார் பெரிய ஆல்ரவுண்டர் (மட்டை, பந்து இரண்டிலும் கைதேர்ந்தவர்) என்ற இடத்தில் வந்து நிற்கும். உடனே ஒருவர் கைப்பேசியை எடுத்து, மட்டைச் சராசரியிலிருந்து (ஒருமுறை ஆட்டமிழப்பதற்கு எடுத்த ஓட்டம்) பந்துவீச்சுச் சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம்) கழித்துக் காட்டுவார். டெஸ்டில் இம்ரான் 37.69, 22.81, மிச்சம் 14.88. கபில் 31.05, 29.64; மிச்சம் 1.41. "முடிஞ்சது போங்கண்ணே" என்பார். எங்கே முடிந்தது?

இந்தக் கழித்தலை அப்படியே நம்பினால் உலகின் தலைசிறந்த ஆல்ரவுண்டர் டான் பிராட்மன். மட்டையில் 99.94. டெஸ்டில் அவர் எடுத்ததே 2 விக்கெட், கொடுத்தது 72 ஓட்டம், ஆக 36.00. மிச்சம் கிட்டத்தட்ட 64! கேரி சோபர்ஸுக்கே 23.75-தான். ஆயிரம் ஓட்டம், நூறு விக்கெட் என்று வாசலில் ஒரு படி கட்டினால் பிராட்மன் வெளியே நின்றுவிடுவார். கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும்.

காரணம் இதுதான். பெரிய ஆல்ரவுண்டர்களின் பந்துவீச்சுச் சராசரி 22-லிருந்து 34 வரைதான் போகும்; மட்டைச் சராசரியோ 27-லிருந்து 58 வரை விரியும். கழித்தால் எப்போதும் மட்டைதான் ஜெயிக்கும். கழிப்பதற்குப் பதில் வகுத்துப் பாருங்கள். சோபர்ஸ் (57.78, 34.03) 1.70, ஜாக் காலிஸ் (55.37, 32.65) 1.70, இம்ரான் 1.65, கீத் மில்லர் (36.97, 22.97) 1.61. சோபர்ஸுக்கும் இம்ரானுக்கும் நடுவில் தெரிந்த ஒன்பது ஓட்டப் பள்ளம் காணாமல் போகிறது. ரிச்சர்ட் ஹாட்லி 1.22, இயன் போத்தம் 1.18, கபில் 1.05. பாவம், கபிலுக்கு இதிலும் விமோசனம் இல்லை.

சோபர்ஸும் காலிஸும் ஒரே எண்ணில் நிற்கிறார்களே, இருவரும் சமமா? இங்கேதான் சுமையைப் பார்க்க வேண்டும். காலிஸ் 166 டெஸ்டில் வீசியது 20,232 பந்து. ஒரு டெஸ்டுக்குச் சுமார் 20 ஓவர். சோபர்ஸ் 93 டெஸ்டில் 21,599. ஒரு டெஸ்டுக்கு 39 ஓவர், அதுவும் வேகம், விரல் சுழல், மணிக்கட்டுச் சுழல் என மூன்று விதமாக. காலிஸ் டெஸ்டுக்கு 1.8 விக்கெட் எடுத்தார், சோபர்ஸ் 2.5. ஆனால் ஒரு விக்கெட்டுக்கு சோபர்ஸுக்கு 92 பந்து தேவைப்பட்டது. காலிஸுக்கு 69 போதும். ஆகவே சோபர்ஸைப் 'பயங்கரப் பந்துவீச்சாளர்' என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அவர் அணியின் பாரத்தைச் சுமந்தவர். இம்ரான் 54 பந்துக்கு ஒன்று, டெஸ்டுக்கு 4.1 விக்கெட். மட்டையே பிடிக்காவிட்டாலும் அணியில் அவருக்கு இடம் உண்டு.

இம்ரானின் மட்டைச் சராசரி கொஞ்சம் காற்றடித்து ஊதியது. 126 இன்னிங்ஸில் 25 முறை ஆட்டமிழக்கவில்லை; சராசரிக்கு வகுக்கும்போது அந்த 25 சேராது. மொத்த ஓட்டத்தை (3807) இன்னிங்ஸால் வகுத்தால் 30.2. போத்தம் 161 இன்னிங்ஸில் 6 முறைதான் நாட்அவுட். 5200-ஐ வகுத்தால் 32.3. சராசரியில் நான்கு ஓட்டம் பின்தங்கியவர் இங்கே முன்னே வந்துவிடுகிறார். கபில் 28.5, இம்ரானோடு இடைவெளி இரண்டு ஓட்டம்கூட இல்லை.

ஆக மட்டையில் வழக்கு ஏறக்குறைய சமன். பந்தில் இம்ரான் மேல்தான், அதை மறைக்க முடியாது. ஆனாலும் கபில் 131 டெஸ்டில் 434 விக்கெட் எடுத்தார், காயத்தைக் காரணம் காட்டி ஒரு டெஸ்டையும் விடவில்லை. வேகத்துக்கு உதவாத உள்ளூர்த் திடல்களில், மறுமுனையில் துணைக்கு வீசப் பெரும்பாலும் ஆளே இல்லாமல். இதை எந்தச் சராசரியும் பிடிக்காது.

டி20-க்கு இந்தச் சராசரிகளே உதவாது. அந்த ஆட்டத்தின் பொதுவேகத்தோடு, அதாவது இரு அணிக்கும் சேர்த்துப் பந்துக்கு எத்தனை ஓட்டம் வந்தது என்பதோடு, ஒப்பிட வேண்டும். நம் கிள்ளான் பாயுமாஸ் ஓவலில் 2025 பிப்ரவரி 2-இல் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கா 20 ஓவரில் 82, இந்தியா 11.2 ஓவரில் 84. மொத்தம் 188 பந்தில் 166 ஓட்டம், பந்துக்கு 0.88. இந்தியாவின் திரிஷா 33 பந்தில் ஆட்டமிழக்காமல் 44. பொதுவேகத்தில் 29 வந்திருக்கும். எனவே 15 கூடுதல். பந்துவீச்சில் 4 ஓவரில் 15 கொடுத்தார். பொதுவேகம் 21, எனவே 6 மிச்சம். விக்கெட்டுக்கு 5 ஓட்டம் என்று வைத்தால் 3 விக்கெட்டுக்கு 15. மொத்தம் 36. (அந்த 5 என் தோராயம்தான். மட்டையாளர் ஆட்டமிழந்தால் அவர் கணக்கிலும் அதே 5-ஐக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் தராசு சாயும்.)

இதே கணக்கைத் தோட்டத்துத் திடலில் போட்டால் பல கோப்பைகள் கை மாறும். பந்துக்கு ஒரு ஓட்டம் வீதம் போன ஆட்டத்தில் 45 பந்தில் 45 நாட்அவுட், 3 ஓவருக்கு 27, விக்கெட் இல்லை என்றால் அவர் கணக்கு கழித்தல் 9. ஆட்ட நாயகன் கோப்பை அவருக்குத்தான் போகும், படமும் எடுப்பார்கள்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் ஸ்கோர் புத்தகத்தில். வைடையும் பையையும் (மட்டையிலோ உடலிலோ படாத பந்தில் ஓடி எடுத்த ஓட்டம்) 'உதிரி' என்று ஒரே கட்டத்தில் போடாதீர்கள். வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் தலையில். பை, லெக்பை அவருக்கு வேண்டாம். வைடு மட்டையாளர் சந்தித்த பந்து ஆகாது, நோபால் ஆகும். ரன்அவுட் யார் வீசிய பந்தில் விழுந்தாலும் அவர் விக்கெட் இல்லை. மட்டையாளர் சந்தித்த பந்துகளைக் குறிக்காவிட்டால் மேலே சொன்ன எதையும் போட முடியாது. நம் புத்தகங்களில் பாதியில் அந்தக் கட்டம் காலிதான். ஒரு பருவத்தில் 60 பந்தாவது ஆடி, 10 ஓவராவது வீசியவர்களை மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள்.