'நார்தர்லி' என்றால் வடக்கிலிருந்தா, வடக்கு நோக்கியா?

திசையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளில் 'நார்தர்லி' அளவுக்கு மொழிபெயர்ப்பவரைத் திணறடிக்கும் சொல் வேறில்லை என்பேன். காற்றோடு சேர்ந்து வந்தால் வடக்கிலிருந்து வீசுவது என்று பொருள். பயணத்தோடு சேர்ந்து வந்தால் வடக்கு நோக்கிச் செல்வது என்று பொருள்.

நம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தருகே இவ்விரண்டையும் ஒருசேரக் காணலாம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாள்களில், விமானங்கள் பெரும்பாலும் தெற்கே கடற்பக்கமிருந்து தாழ்ந்து வந்து வடக்கு நோக்கித் தரையிறங்குகின்றன. எதிர்காற்றில் இறங்கினால்தான் தரையைத் தொடும்போது வேகம் குறைந்திருக்கும். குறைந்த தூரத்தில் விமானத்தை நிறுத்தவும் முடியும். அங்குள்ள ஓடுபாதைகளின் ஒரு முனைக்கு 02 என்றும் மறுமுனைக்கு 20 என்றும் எண் இட்டிருப்பது, திசைகாட்டியில் ஏறத்தாழ 20 பாகையையும் 200 பாகையையும் குறிக்கிறது. காற்று நேர்வடக்கிலிருந்து வீசும் நாளில், விமானம் செல்லும் போக்கும் 'நார்தர்லி', அதை எதிர்த்து வரும் காற்றும் 'நார்தர்லி'. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தரையிறங்கும் திசையும் பெரும்பாலும் மாறிவிடும்.

காற்றை அது புறப்படும் திசையைக் கொண்டு அழைப்பது தமிழருக்கும் பழக்கமானதே. வாடை வடக்கிலிருந்தும், தென்றல் தெற்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், கோடை மேற்கிலிருந்தும் வருகின்றன. ஆனால் கடல் நீரோட்டத்தை அது சென்று சேரும் திசையால் குறிப்பதே கடலியலாரின் வழக்கம். ஆகவே வானிலைச் செய்தியைத் தமிழில் தரும்போது 'வடக்குக் காற்று', 'வடக்கு நீரோட்டம்' என்று மொட்டையாக எழுதுவதைவிட, 'வடக்கிலிருந்து வீசும்', 'வடக்கு நோக்கி ஓடும்' என்று விரித்து எழுதுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு. இடம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

'நார்தர்ன்', 'சதர்ன்' போன்றவற்றில் இந்தக் குழப்பம் இல்லை. அவை பொதுவாக ஒரு பகுதியைச் சுட்டுவன. 'சவுத் ஆப்பிரிக்கா' ஒரு நாடு; 'சதர்ன் ஆப்பிரிக்கா' என்பதோ நமீபியா, போட்ஸ்வானா முதலியவற்றையும் உள்ளடக்கிய வட்டாரம். இரண்டையும் 'தென்னாப்பிரிக்கா' என்றே எழுதினால் செய்தியே பிழையாகிவிடும். அதே சொல் இடப்பெயரின் பகுதியாகிவிட்டால், அதைத் திசை விளக்கமாகக் கொள்ளவும் கூடாது. அயர்லாந்துத் தீவின் பெருநிலத்தில் வடகோடியான மேலின் முனை, 'நார்தர்ன் அயர்லாந்தில்' இல்லை. அயர்லாந்துக் குடியரசின் டோனகல் வட்டாரத்தில் இருக்கிறது.