ஆட்டோமேட்டிக்கை இறக்கி மேனுவல் கியர் பாக்ஸ் ஏற்றும்போது

பழைய காரில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு மேனுவல் ஏற்றுவதில், கியர் பாக்ஸைத் தூக்கி மாட்டுவது சுலபமான பங்கு. வேலையை இழுத்தடிப்பவை சில்லறைச் சாமான்கள்: ஒரு பிராக்கெட், ஒரு பெடல் புஷ், நீளம் பொருந்தாத போல்ட். அதனால் அதே மாடலில் மேனுவலாகவே வந்து, உடைக்கப் போகிற வண்டி ஒன்றை முழுதாக வாங்கிவிடுங்கள். தனித்தனியாகத் தேடுவதைவிட அதுதான் கடைசியில் மலிவு. இங்கே சொல்வது பின்சக்கர இயக்கமுள்ள வண்டிகளுக்கு.

அதிலிருந்து எடுக்க வேண்டியவை: பெல் ஹவுசிங்கோடு (இன்ஜினோடு சேரும் மணி வடிவ மூடி) கியர் பாக்ஸ், ஃபிளைவீலும் (கிராங்கின் பின்னால் சுற்றும் கனமான சக்கரம்) அதன் போல்ட்களும், இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் மெல்லிய தகடு, ஸ்டார்ட்டர் மோட்டார், பெடல் பாக்ஸ், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், லீவர், ரிவர்ஸ் லைட் ஸ்விட்சின் கனெக்டர். போல்ட்களை மறந்துவிடாதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீலின் இடத்தில் இருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் மெல்லிய தகடு என்பதால் அதன் போல்ட் பெரும்பாலும் கட்டையாக இருக்கும். தடித்த ஃபிளைவீலுக்கு அதைப் போட்டால் சில மரைகள்தான் பிடிக்கும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் (கியர் பாக்ஸிலிருந்து முன்னே நீளும் இன்புட் ஷாஃப்டின் முனையைக் கிராங்கில் தாங்குவது) எல்லாம் புதிதாகவே போடுங்கள்.

சில இன்ஜின்களில் ஃபிளைவீலும் பேலன்ஸில் பங்கு வகிக்கிறது. அதற்காக அதில் ஒரு பக்கம் வேண்டுமென்றே எடை கூடுதலாக இருக்கும். அந்த அளவு ஃபோர்டு 302 வி8-இல் 1970களின் இன்ஜினுக்கு 28 அவுன்ஸ்-அங்குலம், 1980களின் நடுவில் வந்ததற்கு 50. மாற்றிப் போட்டால் வண்டி முழுதும் அதிரும்.

ஆட்டோமேட்டிக்கை இறக்கும்போது டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் மூலம் இன்ஜினின் விசையைக் கடத்துவது) போல்ட்களை முதலில் கழற்றுங்கள். கிராங்கைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக எடுத்து, கன்வர்ட்டர் கியர் பாக்ஸோடு சேர்ந்தே வெளியே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸின் அடிப்பாத்திரத்திலிருந்து ஆயிலை வடித்த பிறகும் கன்வர்ட்டருக்குள் சில லிட்டர் மிச்சமிருக்கும், சாய்த்தால் கொட்டும். ரேடியேட்டருக்குப் போகும் ஆயில் குழாய்களையும் எடுத்துவிடலாம்.

இப்போது கிராங்கின் பின்முனையைப் பாருங்கள். மொத்த வேலையும் தடுக்கி விழுவது இங்கேதான். ஆட்டோமேட்டிக் இன்ஜினில் பெரும்பாலும் பைலட் பேரிங் இருக்காது. பலவற்றில் அதற்கான குழி தயாராக இருக்கும், தட்டி ஏற்றினால் போதும். சிலவற்றில் குழி முழு அளவுக்குக் கடையப்படாமல் இருக்கும். அப்போது இன்புட் ஷாஃப்டின் முனை முட்டி, பெல் ஹவுசிங் இன்ஜினோடு சேராமல் இடைவெளி விட்டு நிற்கும். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் பெல் ஹவுசிங்கின் காது உடையும். கையால் தள்ளியே கடைசிவரை சேர வேண்டும். சேரவில்லை என்றால் காரணத்தைத் தேடுங்கள். பேரிங்கே போடாமல் விட்டால் ஷாஃப்டின் முனை தாங்கலின்றி ஆடி, கியர் பாக்ஸின் முன் பேரிங்கைத் தின்றுவிடும்.

கிராங்கின் பின் ஆயில் சீலை இப்போதே மாற்றுங்கள். சில இன்ஜின்களில் ஃபிளைவீல் போல்ட் துளைகள் உள்ளே ஆயில் இருக்கும் பகுதிவரை போகும். மரையில் சீலன்ட் தடவாவிட்டால் புது கிளட்ச் பிளேட் ஆயிலில் நனைந்து வழுக்கும். கிளட்ச் பிளேட்டை அலைன்மென்ட் குச்சி வைத்து நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டைக் குறுக்கு முறையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கியர் பாக்ஸின் எடை ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து, பிறகு கிளட்ச் முழுதாக விடாது. ஜாக்கி கடைசிவரை அடியில் இருக்கட்டும்.

பெடல் பாக்ஸ் மாற்ற டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துத்தான் ஆக வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கான இடம் பல வண்டிகளில் ஃபயர்வாலில் வட்டமாக அச்சிட்டோ மூடித் தகட்டாலோ குறிக்கப்பட்டிருக்கும். ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடலை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். கிளட்ச்சை மிதிக்கும் கால் அதில் மாட்டும்.

வயரிங்கில் முக்கியமானது ஸ்டார்ட் சர்க்யூட். ஆட்டோமேட்டிக் லீவர் பி (பார்க்), என் (நியூட்ரல்) இரண்டில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் ஸ்விட்ச் கழன்றுவிட்டதால் ஸ்டார்ட்டர் சுற்றாது. இரண்டு வயர்களையும் நேராக இணைத்தால் சுற்றும், ஆனால் கியரில் நிற்கும் வண்டி சாவி திருப்பியதும் பாயும். கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் வைத்து அதன் வழியாக இணையுங்கள். ரிவர்ஸ் லைட் வயர்களைப் புது கியர் பாக்ஸின் ஸ்விட்ச் வரை நீட்ட வேண்டும். க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் கிளட்ச்சை மிதித்ததும் அது விடுபட வேண்டும். இல்லையேல் இன்ஜின் வெறுமனே கத்தும். கழற்றிய எர்த் வயரைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். அது விடுபட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற இழுவைக் கேபிள்கள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும்.

ஆயில் விஷயத்தில் கியர் பாக்ஸின் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள். பித்தளை சின்க்ரோ (கியர் மாற்றும்போது வேகங்களைச் சமன்படுத்தும் வளையம்) உள்ள பழைய பாக்ஸ்களுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-4 தர கியர் ஆயில்தான். சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளையை அரிக்கும்.

ஓட்டிப் பார்த்த பிறகு பின் ஆக்ஸிலின் பல் விகிதத்தைக் கவனியுங்கள். பல மாடல்களில் ஆட்டோமேட்டிக்குக்கும் மேனுவலுக்கும் அது வேறு. முதல் கியரில் நகர இன்ஜின் திணறினாலோ, நெடுஞ்சாலையில் டாப் கியரிலும் அதிகம் சுற்றினாலோ, உடைத்த வண்டியின் டிஃபரன்ஷியலையும் மாற்றிவிடலாம். அதுவரை அந்த ஆக்ஸிலை விற்றுவிடாதீர்கள்.