முதுகுவலி என்று மட்டும் எழுதியிருந்தால்

பிசியோதெரபி படித்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவள் நான். சென்னையில் இந்தத் துறையில் பிசியோ, நர்சிங், பயோடெக் படித்தவர்கள் நிறையப் பேர். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவைப் படித்து, டாக்டர் எழுதிய நோயை ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் கோடாக மாற்றுவதுதான் வேலை. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இந்தத் தொகுப்புதான். காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பதும் மறுப்பதும் பெருமளவு இந்தக் கோடைப் பார்த்துத்தான்.

முதுகுவலி சார்ட் வராத ஷிஃப்ட் எனக்கு நினைவில் இல்லை. முன்பு கீழ்முதுகு வலி என்றால் எம்54.5 போதும். 2021 அக்டோபரில் அதை மூன்றாகப் பிரித்தார்கள். காரணம் சொல்லாத வலிக்கு எம்54.50, முள்ளெலும்பிலிருந்தே கிளம்பும் வலிக்கு எம்54.51, மற்றவற்றுக்கு எம்54.59. பிரித்த பிறகும் என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை எம்54.50-இல்தான் முடிகின்றன. ‘அன்ஸ்பெசிஃபைடு’ (காரணம் குறிப்பிடாதது) என்றாலே ஆடிட்டில் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கோடின் மேல் மரியாதை உண்டு. அதைக் கற்றுக்கொடுத்தவை, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் தொற்று வந்தவர்களின் சார்ட்டுகள்.

டிஸ்கைட்டிஸ் என்ற அந்த டிஸ்க் தொற்று சத்தமில்லாமல் வரும் நோய். பெரியவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. தோலிலிருந்தோ, சிறுநீர்ப் பாதையிலிருந்தோ, டயாலிசிஸ் கதீட்டரிலிருந்தோ ரத்தத்தில் கலந்த கிருமி முதலில் முள்ளெலும்பின் விளிம்பில் தங்கும். பிறகு டிஸ்க்கைத் தின்னத் தொடங்கும். எல்லோருக்கும் காய்ச்சல் வராது. ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும். வாரக்கணக்கில் வெறும் முதுகுவலிதான். பிசியோ பயிற்சிக் காலத்தில் முதுகெலும்பு டிபி நோயாளிகளைக் கண்டிருக்கிறேன், அவர்களும் இப்படித்தான் தாமதமாக வந்து சேர்வார்கள். (அதற்கு ஏ18.01 என்று தனிக் கோடே உண்டு.) அமெரிக்க சார்ட்டுகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா.

அப்படி ஒரு சார்ட். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளி. முதுகுவலியோடு மூன்று முறை எமர்ஜென்சிக்கு வந்து, வலிமாத்திரையோடு திரும்பியவர். நாலாவது முறை அட்மிஷன். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி எகிறியிருக்கிறது. எம்ஆர்ஐயில் கீழ்முதுகின் எல்4-எல்5 டிஸ்க்கும் இரு பக்க எலும்பும் மாறியிருக்கின்றன. பிளட் கல்ச்சரில் எம்எஸ்எஸ்ஏ, அதாவது மெதிசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஆறு வாரத்துக்கு செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது இரண்டே வரி: கீழ்முதுகு வலி, பாக்டீரீமியா (ரத்தத்தில் பாக்டீரியா).

பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்.

“அக்கா, எம்ஆர்ஐ ரிப்போர்ட்லயே டிஸ்கைட்டிஸ்னு இருக்கு. ஆன்டிபயாட்டிக்கும் ஓடுது. போட்டுடலாமா?”

“போடக் கூடாதும்மா. ட்ரீட் பண்ற டாக்டர் எழுதணும்.”

“நமக்கே தெரியுதே அக்கா?”

தெரியத்தான் செய்கிறது. முதுகைத் தொட்டு வேலை பார்த்த எனக்கு இன்னும் நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் இன்பேஷன்ட் (மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின்) சார்ட்டில் ரேடியாலஜி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நோயைக் கோட் செய்ய விதி இடம் தராது. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். நோயாளியைப் பார்க்காத, வேறு கண்டத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி அவருடைய நோயைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். டாக்டருக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பினோம். சிஆர்பி, எம்ஆர்ஐ, கல்ச்சர், மருந்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, இவை எந்த நோய்க்கானவை என்று தெளிவுபடுத்தும்படி கேட்டோம். பதிலை நாம் திணிப்பதுபோல் கேள்வி இருக்கக் கூடாது, பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. க்வெரி போட்டால் சார்ட் ஹோல்டில் நிற்கும். அன்றைய டார்கெட் குறையும். டார்கெட்டுக்காக ஒருவர் க்வெரியைத் தவிர்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பதில் வந்தது: எம்எஸ்எஸ்ஏவால் எல்4-எல்5 ஆஸ்டியோமைலிட்டிஸ் (எலும்புத் தொற்று), டிஸ்கைட்டிஸ். எலும்புக்கு எம்46.26, டிஸ்க்குக்கு எம்46.46, கிருமிக்கு பி95.61. வலி இந்த நோயின் பகுதியே என்பதால் எம்54.50 நீங்கிவிட்டது. டாக்டர் ‘பையோஜெனிக்’ (சீழ் உண்டாக்கும்) என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் டிஸ்க்குக்கு எம்46.36 ஆகியிருக்கும். டிஸ்சார்ஜில் ‘ப்ராபபிள் டிஸ்கைட்டிஸ்’ (டிஸ்கைட்டிஸாக இருக்கலாம்) என்று எழுதியிருந்தாலும் இன்பேஷன்டில் அதை நோயாகவே கோட் செய்யலாம். அதே வரி கிளினிக் விசிட்டில் இருந்தால் வலிக்கான கோடைத் தாண்டிப் போக முடியாது.

அந்தப் பெண் விடவில்லை. “அப்போ அந்த மூணு எமர்ஜென்சி விசிட்டையும் மாத்தணுமா அக்கா?”

மாற்றக் கூடாது. அந்த நாட்களில் டாக்டருக்குத் தெரிந்தது வலி மட்டுமே, அதனால் எம்54.50 அங்கேயே நிற்கும். வலி, வலி, வலி, பிறகு தொற்று என்ற அந்த வரிசையை வைத்துத்தான், இந்த நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு தாமதமாகிறது என்று பிற்பாடு கிளெய்ம் தரவைப் புரட்டுகிறவர்கள் கணக்கிட முடியும். நல்லது செய்வதாக நினைத்து நாங்கள் பழைய விசிட்டைத் திருத்தினால், முதல் நாளே நோய் பிடிபட்டதாகத் தரவு சொல்லும். எமர்ஜென்சியிலிருந்து மூன்று முறை வலியோடு திரும்பியவரின் தடமே அதில் இருக்காது.