சவுண்டு வச்சுதானே வெளாண்டீங்க?

"அண்ணே, சவுண்டு வச்சுதானே வெளாண்டீங்க?"

அவ்ளோதான் கேட்டான் அந்தத் தம்பி, நான் வெளாண்டு பாத்து ரிப்போர்ட் எழுதின கேமைச் செஞ்சவன். கோவமா கூட கேக்கல. நான் பட்டுனு "நல்ல கேம்னா சவுண்டு இல்லாட்டியும் நிக்கணும் தம்பி"ன்னுட்டேன். ரெண்டு ஆடி போயிடுச்சு, இன்னும் அந்த பதிலைத்தான் திருப்பித் திருப்பி சொல்லிப் பாத்துட்டிருக்கேன். அது பொய்னு சொல்ல முடியாது. ஆனா அவன் கேட்டதுக்கு அது பதிலே இல்லையே. "இல்லடா, மியூட்ல போட்டேன்"னா முடிஞ்சிருக்கும்.

அன்னிக்கு ஆடி வெள்ளி. கும்பகோணத்துல எங்க தெருமுனை அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்க, மைக் செட் குழாயை சரியா எங்க மாடி ஜன்னலைப் பாத்து கட்டிட்டுப் போயிட்டாங்க, ஹெட்போன் மாட்டினாலும் காதுக்குள்ள அம்மன் பாட்டுதான், சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போகணும், வேற என்ன பண்றது, மியூட்.

அவன் கேம் என்னன்னா, கும்மிருட்டுல வாய்க்கா கரை மேல நடந்து மதகு மதகா திறந்துட்டே போகணும். மேப் கிடையாது, அம்புக்குறி கிடையாது, தவில் சத்தம்தான் வழி. தவிலோட வலது பக்கமான வலந்தலை கேட்டா வலது, இடது பக்கமான தொப்பி கேட்டா இடது. வாசிப்பு ரெண்டு மடங்கு வேகமாகி ரெண்டாங்காலத்துக்கு ஏறிட்டா பின்னாடி தண்ணி வருதுன்னு அர்த்தம். இது எதுவும் தெரியாம இருபது நிமிஷம் வாய்க்கால்ல விழுந்து விழுந்து எழுந்துட்டு, "எங்க போறதுன்னே தெரியல, லெவல் டிசைன் வீக்"னு எழுதி 10க்கு 4 போட்டேன். ஆரம்பத்துலயே ஹெட்போன் மாட்டிக்கங்கன்னு ஒரு வரி வந்திருக்கு. தட்டித் தள்ளிட்டேன் போல.

கேவலம் என்னன்னா, புதுசா வர்ற பசங்களுக்கு சவுண்டு பத்தி கிளாஸ் எடுக்குறதே நான்தான். 1978ல வந்த, ஏலியன்களைச் சுடுற ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம்லேருந்து ஆரம்பிப்பேன். ஏலியன் குறைய குறைய மெஷினுக்கு வரையற வேலை குறையும், அதனால மிச்சம் இருக்கறது வேகமா ஓடும், கூடவே பின்னணியில திரும்பத் திரும்ப வர்ற நாலு சுரமும் வேகமாகும், கண்ணு பயப்படுறதுக்கு முன்னாடி காது பயந்துடும்னு சொல்லுவேன். 2017ல வந்த ஹெல்பிளேடு கேம்ல ரெண்டு காது வச்ச மாதிரி மைக்ல குரல் பதிவு பண்ணாங்க, ஹெட்போன் இல்லாம அதை வெளாண்டா பாதி கேம்தான் வெளாண்டிருக்கீங்கம்பேன். இவ்ளோ பேசுற வாய்தான் தம்பிகிட்ட அந்த பதிலை சொல்லுச்சு.

சரி, என் பக்கமும் நியாயம் இருக்குல்ல? இது போன் கேம். பஸ்ல வர்ற பாதி பேரு சத்தத்தைக் குறைச்சு வச்சுதான் வெளாடுறாங்க. விலை கம்மியான போன்ல கீழ ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுல இடது ஏது வலது ஏது? காது கேக்காதவங்க என்ன பண்ணுவாங்க? ஃபோர்ட்நைட் கேம்ல சத்தம் எந்தப் பக்கம்னு திரையிலயே காட்டுற வசதி வச்சிருக்காங்களே. எல்லாம் சரியான பாயிண்டுதான். ஆனா காது கேக்காதவங்க எனக்கு ஞாபகம் வந்ததே அவன் போனை வச்சப்புறம்தான்.

கோயில்ல மைக் செட்டைக் கழட்டின ராத்திரி, யாருக்கும் சொல்லாம ஹெட்போன் மாட்டி வெளாண்டேன். இடது காதுல குச்சி விழுகுற அந்த கனமான சத்தம் வந்துச்சு பாருங்க, கை தானா திரும்புது. ஒரு மதகு கூட தப்பல. 8 போட்டிருப்பேன்.

அங்கதான் அடுத்த குழப்பம். பக்கத்துத் தெருவுல தவில்காரர் வீடு, விடியக்காலை சாதகம் கேட்டே வளந்தவன் நான். வலந்தலைக்கும் தொப்பிக்கும் வித்தியாசம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. சென்னையில என்கூட வேலை பாக்குற பொண்ணு நல்ல ஹெட்போன்ல பொறுமையா வெளாண்டுட்டு "கல்யாண மண்டபத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குண்ணா"ன்னு 5 போட்டுச்சு. அது எந்தத் தப்பும் பண்ணல. சத்தமே கேக்காத என் 4க்கும், முழுசா கேட்ட அதோட 5க்கும் ஒரே ஒரு மார்க்தான் வித்தியாசம். அப்ப என் 8 அந்த கேமுக்கா, எங்க தெருவுக்கா? செல்டா கேம் வரிசையில விண்ட் வேக்கரை 2001ல முதல்ல காட்டினப்ப கார்ட்டூன் மாதிரி இருக்குன்னு நிறைய பேரு திட்டினாங்க, இன்னிக்கு அதையே அழகுங்குறாங்க. அப்படி வருஷக்கணக்கா காத்திருக்க அந்தத் தம்பிக்கு யாரு காசு குடுப்பா?

ரிப்போர்ட்டை நான் வாபஸ் வாங்கல. "ஆடியோவோட இன்னொரு தடவை பாக்கலாம்"னு கீழ ஒரு வரி மட்டும் சேத்து அனுப்பினேன். முதல் தடவை ஆடியோ இல்லாம பாத்தேன்னு எழுதல. எழுதியிருந்தா வேலை போயிருக்காது, எனக்கே தெரியும்.

ரெண்டு மாசம் கழிச்சு கேமைத் திருத்தி அடுத்த பில்டு வந்துச்சு. திரை மூலையில பச்சை கலர்ல ஒரு அம்புக்குறி. நான் கேட்டது அதைத்தானே. இந்தத் தடவை முதல்லயே ஹெட்போன் மாட்டிக்கிட்டுதான் உக்காந்தேன். முடிச்சு எழுந்தப்புறம்தான் உறைச்சுது, அம்பைப் பாத்துட்டே போனதுல தவிலை நான் கேக்கவே இல்ல.

"வழி இப்ப தெளிவா இருக்கு"ன்னு எழுதி 7 போட்டேன். தம்பி "நன்றிண்ணே"ன்னு மெசேஜ் அனுப்பினான்.