எலும்புக்குச் சுமை வேண்டும்

மாதவிடாய் நின்று சில வருடம் கழித்து டாக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அசையாமல் படுத்திருந்தால் போதும், சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் டி-ஸ்கோரை, அதாவது ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்ட அளவைப் பார்க்க வேண்டும். -1 வரை சரி. அதற்குக் கீழே போனால் எலும்பு அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது. -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு எளிதில் உடையும் நிலை. எனக்கு இடுப்பில் -1.9.

"இனிமே கனமா எதையும் தூக்காதே" என்றார்கள் வீட்டில். பிசியோதெரபிஸ்ட் சொன்னதோ நேர் எதிர். எலும்பில் பழையதை அரிக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் எப்போதும் வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும் அரிப்பவற்றின் கை ஓங்கிவிடுகிறது. சுமை விழுந்தால்தான் கட்டும் வேலை நடக்கும். எடையே தெரியாத விண்வெளியில், தக்க பயிற்சி செய்யாதவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதம் 1 சதவீதத்துக்கு மேல் குறையுமாம். அதைக் கேட்டதும் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் தினமும் நடப்பவள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான், ஆனால் வருடக்கணக்காகப் பழகிய நடை மட்டும் எலும்புக்குப் போதாது. நீச்சலும் அப்படியே.

முதலில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. அப்புறம்தான் எடை. குனிந்து தூக்கப் பழகத்தான் நிறைய நாள் பிடித்தது. ஒட்டடைக் குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் குச்சி ஒட்டியிருக்க, இடுப்பைப் பின்னால் தள்ளி மடங்க வேண்டும். முதுகு கொஞ்சம் வளைந்தாலும் குச்சி விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அது கைவந்த பிறகு 2 கிலோ டம்பெல், பின் 5 கிலோ அரிசிப் பை. கடைசி இரண்டு முறை தூக்கும்போது சிரமப்பட வேண்டும். சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டும்.

யோகாவில் முன்னால் குனியும் ஆசனங்களை நிறுத்தச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அடர்த்தி குறைந்த முதுகெலும்பு நசுங்கக்கூடும் என்பதால். பச்சிமோத்தாசனத்தை விட்டது இன்னும் எனக்கு வருத்தம்தான். பால் காயும்வரை மேடையோரம் ஒற்றைக்காலில் நிற்கிறேன். விழாமல் இருப்பதும் முக்கியம், இடுப்பு எலும்பு பெரும்பாலும் விழுந்துதான் உடைகிறது.

அடுத்த ஸ்கேனை அதே மெஷினில் எடுத்தோம், அப்போதுதான் ஒப்பிட முடியும். அதே -1.9. இந்த வயதில் குறையாமல் நிற்பதே லாபம் என்றார் டாக்டர். எனக்கு அத்தனை சந்தோஷம். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களும் -2.5க்குக் கீழே இருப்பவர்களும் மருந்தை விடாமல், பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மட்டும் எடை தூக்குங்கள்.