ஸ்பாம் வந்தால் வரட்டும், நல்ல மெயில் போகக்கூடாது

மெயில் சர்வரைக் கவனிக்கும் வேலையில் இரண்டு வகைத் திட்டு உண்டு. ஸ்பாம் வந்தால் ஒன்று, வரவேண்டிய மெயில் வராவிட்டால் இன்னொன்று. முதல் வகை எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி. லாட்டரி மெயிலை அழிக்க ஒரு விநாடி போதும், ஆனால் ஒரு ஒப்பந்த மெயில் காணாமல் போனால், போனதே யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது வெறும் வார்த்தைப் பட்டியல்தான். சியாலிஸ் மாதிரி மருந்துப் பெயர் இருந்தால் தூக்கு. 'ஸ்பெஷலிஸ்ட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், நடுவில் சியாலிஸின் ஆறு எழுத்தும் வரிசை மாறாமல் இருக்கும். வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் பயோடேட்டா குப்பைக்குப் போனது அப்படித்தான். ஸ்பாம் அனுப்புகிறவனோ ஓர் எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டுத் தாண்டிவிடுவான்.

2002-ல் நிரலாளர் பால் கிரஹாம் ஸ்பாமைத் தடுப்பது பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு பேய்சியன் முறை பரவலானது. எந்தச் சொல் ஸ்பாமில் அதிகம் வருகிறது, எது நல்ல மெயிலில் வருகிறது என்று கணக்கு வைத்து முடிவெடுக்கும். நல்ல முறைதான், ஆனால் நாம் கற்றுக்கொடுப்பதைத்தானே கற்கும்? தாங்களே கேட்டு வாங்கிய செய்திமடலை நிறுத்தச் சோம்பல்பட்டு, ஸ்பாம் பொத்தானை அழுத்துகிற புண்ணியவான்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

எனக்குப் பிடித்த தந்திரம் கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத சர்வர் வந்தால் 451 என்ற பதில் எண்ணோடு தற்காலிக மறுப்புச் சொல்லி, அப்புறம் வா என்று அனுப்பிவிடுவது. ஒழுங்கான சர்வர் சற்று நேரத்தில் திரும்பி வரும், அவசரக்கார ஸ்பாம் நிரல்கள் பல திரும்புவதில்லை. ஆனால் ஓடிபி மெயில் வந்து சேர்வதற்குள் காலாவதியாகிவிடும். பெரிய சேவைகள் அடுத்த முறை வேறு ஐபி முகவரியிலிருந்து வந்தால் அதையும் புது ஆள் என்று திருப்பிவிடும்.

எஸ்பிஎஃப், டிகிம் போன்ற சரிபார்ப்பு முறைகள் எல்லாம் அனுப்புகிற டொமைன் (முகவரியில் @-க்குப் பிறகு வரும் பெயர்) உண்மையா என்று மட்டும்தான் சொல்லும். ஸ்பாம்காரனும் சொந்த டொமைன் வாங்கி எல்லாவற்றையும் சரியாக அமைக்கலாம். மெயிலை ஃபார்வர்டு செய்தால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைந்தும்விடும்.

எந்த முறையும் தவறலாம் என்பதால் ஸ்பாம் ஃபோல்டரே எனக்கு ஆகாது. யார் திறந்து பார்க்கிறார்கள்? சந்தேகம் வலுவாக இருந்தால் உள்ளே வாங்கிப் புதைக்காமல் வாசலிலேயே 550 என்ற நிரந்தர மறுப்பைச் சொல்லித் திருப்பிவிட வேண்டும், அனுப்பியவருக்காவது தெரியும். வாடிக்கையாளர் முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா என்று மேலாளர் கேட்டார். இருக்கட்டும் சார், உடனே போன் பண்ணுவார் இல்லையா என்றேன்.